வாரம் ஏழு நாளும் ஜிம்முக்குப் போக வேண்டுமா?

“ஒரு நாள் போகாவிட்டாலும் மனசு உறுத்துகிறது. லேசாகக் காய்ச்சல் அடித்தால்கூடப் போய்விடுகிறேன். தினமும் பயிற்சி செய்பவன் ஓய்வு எடுத்தே ஆக வேண்டுமா?”

ஜிம் பழக்கம் உடம்பில் ஊறிப்போனவர்கள் கேட்கும் கேள்வி இது. விடை, நீங்கள் என்ன பயிற்சி செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. காலையில் அரை மணி நேரம் நடப்பவர் ஏழு நாளும் நடக்கலாம். எடை தூக்குபவரும் நெடுந்தூரம் ஓடுபவரும் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் விடத்தான் வேண்டும்.

ஏன் விட வேண்டும்?

எடை தூக்கும்போது தசை களைக்கிறது, அதன் இழைகளில் நுண்ணிய சேதமும் ஏற்படுகிறது. தசை வலுப்பெறுவது அதற்குப் பிறகுதான். பயிற்சி முடிந்து சுமார் 24 முதல் 48 மணி நேரம் வரை, புதுப் புரதத்தைத் தசையில் சேர்க்கும் வேலையை உடல் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் செய்கிறது. அதற்குள் அதே தசையை மறுபடி கடுமையாக வாட்டினால், பூச்சு காயும் முன்பே சுவரை இடித்த கதையாகிவிடும்.

“அதனால்தான் இன்று கால், நாளை தோள் என்று மாற்றிச் செய்கிறேனே” என்பீர்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் தசைநாண்களும் எலும்பும் தசையைவிட மெதுவாகத் தேறுபவை. எலும்பில் நுண்கீறல் விழுந்தால், உடல் முதலில் பழைய எலும்பை அரித்து எடுத்துவிட்டுப் பிறகுதான் புதிதாகக் கட்டுகிறது. இடைப்பட்ட வாரங்களில் அந்த இடம் சற்றுப் பலவீனமாகவே இருக்கும். ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்காக நவம்பரில் அவசரமாகத் தூரத்தைக் கூட்டுபவர்களுக்குக் கீழ்க்காலிலும் பாதத்திலும் எலும்பு விரிசல் வரும் ஆபத்து இதனால்தான்.

யாருக்கு எவ்வளவு?

எடைப் பயிற்சி: ஒரே தசைக்கு இரண்டு கடும் பயிற்சிகளுக்கு நடுவே 48 மணி நேரம் விடுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது எடையைத் தொடாதீர்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வாரம் மூன்று நாள் போதும்.

ஓட்டம்: நெடுந்தூரம் ஓடிய மறுநாள் ஓய்வு, அல்லது மெதுவான நடை.

50 வயதைத் தாண்டியவர்கள்: கடும் பயிற்சிக்குப் பிறகு உடம்பு தேற நாள் பிடிக்கலாம். வலி நீங்காமல் அடுத்த சுற்றைத் தொடங்காதீர்கள்.

சர்க்கரை நோயாளிகள்: இவர்களுக்குக் கணக்கே வேறு. பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும் பலன் ஒன்று முதல் மூன்று நாளுக்குள் கரைந்துவிடும். எனவே தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் உடலை அசைக்காமல் இருக்கக் கூடாது. எடையை விடும் நாளிலும் நடையை விடாதீர்கள்.

உடம்பு சொல்லும் அறிகுறிகள்

காலையில் படுக்கையை விட்டு எழும் முன் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் நாடித்துடிப்பை எண்ணுங்கள். ஒரு வாரம் எண்ணினால் உங்கள் வழக்கமான அளவு தெரிந்துவிடும். பிறகு அது சில நாள் தொடர்ந்து ஐந்து, பத்து கூடுதலாக இருந்தால் உடம்பு இன்னும் தேறவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். தூக்கம் கெடுவது, காரணமில்லாத எரிச்சல், போன வாரம் தூக்கிய எடை இந்த வாரம் தூக்க முடியாமல் போவது, அடிக்கடி சளி பிடிப்பது ஆகியவையும் அறிகுறிகளே.

மூன்று அறிகுறிகளை ஓய்வால் மட்டும் சரிசெய்ய நினைக்காதீர்கள். எலும்பில் ஒரே இடத்தில் தொட்டாலே வலிப்பது, பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவது இரண்டுக்கும் மருத்துவரைப் பாருங்கள். கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலையாக அது இருக்கலாம்.

காய்ச்சலோடு ஜிம்முக்குப் போவதை இன்றோடு நிறுத்துங்கள். சில வைரஸ் தொற்றுகள் இதயத் தசையையும் தாக்கும். அந்த நேரத்தில் கடும் பயிற்சி உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஓய்வு நாளில் என்ன செய்வது?

நாள் முழுக்கப் படுத்துக் கிடக்க வேண்டியதில்லை. கடைக்கு நடந்து போங்கள், குழந்தைகளோடு விளையாடுங்கள், இரவில் ஏழெட்டு மணி நேரம் தூங்குங்கள். “இன்று பயிற்சி இல்லையே” என்று சாப்பாட்டைப் பாதியாக்காதீர்கள். தசையைக் கட்டும் வேலை இன்றும் நடக்கிறது. அதற்கு முட்டை, பருப்பு, சுண்டல், மீன் எல்லாம் வேண்டும்.

சேர்த்த பலம் போய்விடுமோ என்று பயப்படாதீர்கள். பழகிய உடம்பில் தசைபலம் இரண்டு வாரம் விட்டாலும் பெரிதாகக் குறையாது. ஓடும் திறன்கூட ஒரு நாளில் குறைவதில்லை.

கேள்வி கேட்டவருக்கு ஒரு யோசனை. தொடர்ந்து நான்கு வாரம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடையைத் தொடாமல் இருங்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் எவ்வளவு எடை, எத்தனை முறை தூக்கினீர்கள் என்று நோட்டில் எழுதி வாருங்கள். ஓய்வு எடுத்தால் பலம் குறைகிறதா என்பதற்கு அந்த நோட்டே பதில் சொல்லும்.