உப்பும் வெயிலும்: நாரத்தங்காய் உலர்த்தும் முறை – ஓர் ஆய்வு

முன்னுரை

தமிழர் இல்லங்களில் தயிர்ச்சோற்றுக்கு உற்ற துணையாக விளங்குவது உப்பு நாரத்தங்காய். மிகுதியாகக் காய்க்கும் காலத்தில் கிடைப்பதை, காய் அரிதாகும் காலத்திற்கென்று காத்து வைக்க நம் முன்னோர் கண்ட வழி இது. இதன் செய்முறை தாயிடமிருந்து மகளுக்கு வாய்மொழியாகவே வந்தது. ‘இப்படிச் செய்’ என்பது வந்து சேர்ந்த அளவிற்கு ‘ஏன் இப்படி’ என்பது வந்து சேரவில்லை. காரணம் அறியப்படாத படி எளிதில் கைவிடப்படும். ஒரு படி கைவிடப்பட்டாலும் சாடி முழுவதும் பூசணம் பிடிக்கும். ஆகவே, இச்செய்முறையின் படிகளையும் அவற்றிற்குரிய காரணங்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் அதன் பயணமும்

பேச்சு வழக்கில் ‘நார்த்தங்காய்’ எனப்படுவது இலக்கிய வழக்கில் நாரத்தை, நரந்தம் எனப்படும். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக் கூறும் மலர்களுள் நரந்தமும் ஒன்று. மலையாளத்தில் இவ்வினம் நாரகம் என்றும், தெலுங்கில் நாரிஞ்ச என்றும் வழங்கும். வடமொழியின் ‘நாரங்கம்’ திராவிட மூலத்தினின்று பிறந்தது என்பது மொழியியலார் பலரின் கருத்தாகும். அச்சொல்லே பாரசீகத்தில் நாரங் என்றும், அரபியில் நாரஞ்ச் என்றும், ஸ்பானிய மொழியில் நாரன்ஹா என்றும் உருமாறிற்று. ஆங்கிலத்தின் ‘ஆரஞ்சு’ம் இவ்வழியில் வந்ததே. கனி சென்ற வழியே சொல்லும் சென்றது எனலாம்.

செய்முறையும் காரணமும்

முதற்படி, காயைத் தேர்ந்து நறுக்குதல். நன்கு விளைந்த, அடிபடாத காய்களைக் கழுவி, ஈரம் போகத் துடைத்தல் வேண்டும். பின்னர்க் காய் துண்டுபடாமல், ஒரே சுருளாக அரிவர். இதன் தடித்த தோல் எண்ணெய்ச் சுரப்பிகள் நிறைந்தது. நீர் எளிதில் வெளியேற விடாதது. சுருளாக அரிவதால் உப்பு உட்புகவும் நீர் வெளியேறவும் வழி பிறக்கிறது. உலர்த்தும்போது எடுக்கவும் பரப்பவும் எளிதாகிறது.

இரண்டாம் படி, உப்பிடுதல். ஒரு கிலோ காய்க்கு 200 கிராம் கல்லுப்பும் சிறிது மஞ்சள்தூளும் கொள்ளலாம். சுருளின் இடைவெளிகளில் உப்பை அடைத்துப் பீங்கான் சாடியில் இட்டு, வாயை மெல்லிய துணியால் வேடு கட்டி, மூன்று அல்லது நான்கு நாட்கள் ஊறவிடுவர். நாள்தோறும் குலுக்கி விடுவர். உப்பு, காயின் நீரை வெளியே ஈர்க்கிறது. உப்பும் காயின் புளிப்பும் ஒருங்கே அமைந்த அந்நீரில், உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்களுள் பெரும்பாலானவை வளர இயலா. குலுக்காது விட்டால் மேலே நிற்கும் காய் உப்புநீரில் நனையாது. பூசணம் அங்கேதான் தொடங்கும். பித்தளை, செம்பு, இரும்பு, அலுமினியப் பாத்திரங்களை விலக்குவதற்கும் காரணம் உண்டு: புளிப்பும் உப்பும் சேர்ந்து உலோகத்தை அரித்து, அதனை உணவில் கலக்கச் செய்யும்.

மூன்றாம் படி, வெயிலில் இடுதல். காலையில் காய்களை மட்டும் எடுத்துத் தட்டில் பரப்பி, மாலையில் மீண்டும் அதே உப்புநீரில் இடுவர். ‘காய்ந்ததை ஏன் மறுபடி நனைக்க வேண்டும்?’ என்று இளையோர் வினவுவதுண்டு. இங்கேதான் இம்முறையின் நுட்பம் உள்ளது. ஒரேயடியாகக் கடும் வெயிலில் காய்ந்தால் மேற்புறம் இறுகிவிடும். உள்ளீரம் வெளியேற வழியின்றி அடைபட்டுப் பின்னாளில் பூசணத்திற்கு இடமாகும். இரவில் ஊறுவதால் மேற்புறம் இளகுகிறது, உப்பு உள்ளிறங்குகிறது, பனியீரமும் காயைத் தீண்டுவதில்லை. சாடியின் நீர் முழுதும் வற்றும்வரை இவ்வாறு செய்து, பின்னர்க் காயைத் தனியே நன்கு உலர்த்துதல் வேண்டும்.

நன்கு உலர்ந்த காயைப் பிய்த்துப் பார்த்தால் உள்ளே ஈரம் தென்படாது. மேலே வெண்மை படிந்தால் அஞ்ச வேண்டுவதில்லை. அது உப்புப் பூத்தலாக இருக்கலாம். நறநறவென்று இருந்து நீரில் கரைவது உப்பு. பஞ்சு போல் படர்வது பூசணம். பூசணம் கண்ட காயை, மேற்பகுதியைச் சுரண்டிவிட்டு உண்ணுதல் தகாது.

கடலுக்கு அப்பால்

இவ்வறிவு நமக்கு மட்டும் உரியதன்று. வளைகுடா நாடுகளில் சிறு எலுமிச்சையை முழுதாக உப்புநீரில் வேகவைத்து, வெயிலில் கருக உலர்த்துவர். அதற்கு ‘லூமி’ என்று பெயர். ஈரானியர் அதனை ஓமான் எலுமிச்சை என்கின்றனர். ஈராக்கியரோ பஸ்ரா எலுமிச்சை என்கின்றனர். தத்தமக்கு வந்து சேர்ந்த வணிக வழியைப் பெயரிலேயே பொதிந்து வைத்துள்ளனர். நாம் அரிந்து திறக்கும் தோலை அவர்கள் வேகவைத்து இளக்குகின்றனர். உப்பும் வெயிலும் இரு நிலத்திற்கும் பொதுவாகும்.

பயனும் வரம்பும்

உலர்ந்த காய் பசிய காய்க்கு முற்றும் ஈடாகாது என்பதையும் கூறுதல் வேண்டும். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர், ஸ்கர்வி நோயுற்ற மாலுமிகள் ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்டு தேறியதைக் கண்டார். ஆயினும், நெடுநாள் காக்கும் பொருட்டு அவர் பரிந்துரைத்த, சூடாக்கிச் சுண்டவைத்த சாறு அப்பயனைப் பெரிதும் இழந்தது. வெப்பத்தாலும் காற்றாலும் வைட்டமின் சி சிதைவதே காரணம். பல நாள் வெயிலில் உலரும் நாரத்தைக்கும் இது பொருந்தும். மேலும், ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. குருதி அழுத்தம் உடையோர்க்குச் சிறு துண்டும் கணக்கில் சேர்வதே. இது சுவைக்கும் சேமிப்புக்கும் உரிய பொருளேயன்றி மருந்தன்று.

முடிவுரை

நுண்ணுயிர் என்னும் சொல்லைக் கேட்டறியாத மகளிர், அந்நுண்ணுயிரை வெல்லும் முறையை அடுப்பங்கரையிலும் முற்றத்திலும் வகுத்து வைத்தனர். அவர்தம் முறை மறையுமாயின், ‘வேடு கட்டுதல்’, ‘உப்புப் பூத்தல்’ போன்ற சொற்களும் உடன் மறையும். சொல்லை அகராதி காக்கலாம். செயலை அகராதி காவாது. எனவே தமிழ் பயிலும் மாணவர், தம் இல்லத்து மூத்தோரிடம் அமர்ந்து, அளவும் படியும் சொல்லும் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். அடுத்த வெயிற்காலத்தில் ஒரு சாடியேனும் தம் கையால் உலர்த்திப் பார்ப்பாராயின், எழுதியதன் பொருள் முழுமையாக விளங்கும்.