அசைபோடும் தாடையும் ரண ஜன்னியும்

கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்து, வெள்வேல மர நிழலில் படுத்து அசைபோடும் காங்கயம் காளையைத் திருப்பூர் ஜில்லாவில் காணாதார் இலர். அத்தகைய காளையொன்று, காயடித்த பத்துப் பதினைந்து நாட்களுக்குப் பின் அசைபோடுவதை நிறுத்தி, வயிறு உப்பி நிற்குமானால், அதை வெறும் அஜீரணம் என்றெண்ணிக் கஷாயம் புகட்டுவது பெரும் பிசகாகும். புண் ஆறிவிட்டது என்று உடையவர் கவலையற்றிருக்கும் வேளையில் தோன்றும் ரண ஜன்னியாக அது இருக்கலாம். டெட்டனஸ் என்பதும் இதுவே. குதிரையையும் ஆட்டையும் எளிதில் பற்றும் இந்நோய் மாட்டுக்குச் சற்று அரிதாகவே வரும். அதனாலேயே பலர் இதை அடையாளம் காணத் தவறுகின்றனர்.

தாடை இயங்கும் விதம்

தாடையை மூடும் தசைகள் வேறு, திறக்கும் தசைகள் வேறு. ஒன்று சுருங்குகையில் மற்றொன்று தளர வேண்டும். இரண்டும் ஒருங்கே இழுத்தால் தாடை அசையாது. இவ்வொழுங்கை நடத்துவது, மூளையின் அடியில் தண்டுவடத்தோடு சேரும் மூளைத் தண்டு என்னும் பாகம். மூச்சு விடுதலையும் விழுங்குதலையும் ஆள்வதும் இதுவே. மீன் முதல் மனிதன் வரை முதுகெலும்புள்ள பிராணிகள் யாவற்றுக்கும் இஃது உண்டு.

தசையைச் சுருங்கச் செய்ய நரம்பணுக்கள் இருப்பது போலவே, அவற்றை அடக்கி வைப்பதற்கும் தனி நரம்பணுக்கள் உள. அடக்கும் அணுக்கள் சுரக்கும் வஸ்துக்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று கிளைசின், மற்றொன்று காபா. இரண்டும் தசையை ஆளும் அணுவின் வாயில்களைத் திறந்து குளோரைடை உள்ளே விடும். உடனே அவ்வணு அடங்கிவிடும். கிளைசினின் வேலை விரைவில் தொடங்கி விரைவில் முடியும். காபாவின் வேலை சற்று நீடித்து நிற்கும். வண்டிக்காரன் மூக்கணாங்கயிற்றைச் சட்டென்று சுண்டுவதையும், பின்னர்த் தளர விடாது பிடித்திருப்பதையும் இதற்கு ஒப்பிடலாம்.

இவ்விரு வஸ்துக்களும் ஒரே நரம்பு முனையினின்று கூடி வெளிப்படுவது எலியின் தண்டுவடத்தில் 1998-லும், மூளைத் தண்டில் நாக்கை ஆளும் நரம்பணுக்களிடத்து 1999-லும் ஆராய்ச்சியாளரால் காட்டப்பெற்றது.

எட்டிக்கொட்டையும் ரண ஜன்னி விஷமும்

கட்டுப்பாடு நீங்கினால் விளைவது யாது என்பதை எட்டிக்கொட்டை காட்டும். அதிலுள்ள ஸ்டிரிக்னைன் என்னும் விஷத்தை 1818-இல் பிரெஞ்சு ரசாயனிகளான பெல்லத்தியேயும் கவாந்துவும் பிரித்தெடுத்தனர். கிளைசின் சென்று சேர வேண்டிய இடத்தை இவ்விஷம் அடைத்துக்கொள்ளும். காபா தன் வேலையைச் செய்துகொண்டிருப்பினும் அது ஒன்று மட்டும் போதாது. உடல் விறைத்து, மூச்சு நின்று, பிராணி இறக்கிறது.

ரண ஜன்னியின் விஷமோ இரண்டையும் ஒருங்கே தடுக்கும். இந்நோய்க் கிருமியின் வித்துக்கள் மண்ணிலும் சாணத்திலும் பல்லாண்டு உயிரோடிருக்கும். காற்றுப் புகாத ஆழ்ந்த புண்ணில் அவை பெருகி விஷத்தை உண்டாக்கும். அது நரம்பின் வழியே ஏறித் தண்டுவடத்தையும் மூளைத் தண்டையும் அடைந்து, அடக்கும் வஸ்துக்களை வெளிவிட உதவும் ஒரு புரதத்தைத் துண்டித்துவிடும். இது 1992-இல் தெளிவாயிற்று. கிளைசினும் காபாவும் நரம்பு முனையில் இருந்தும் வெளிவர இயலா. ஆகவே திறக்கும் தசையும் மூடும் தசையும் ஒருங்கே இழுக்க, வலிமை மிக்க மூடும் தசை வென்று தாடை பூட்டிக்கொள்கிறது.

அறிகுறிகள்

நடை விறைத்தல், வால் தூக்கி நிற்றல், காது நிமிர்தல், கண்ணின் உட்சவ்வு முன்வந்து விழியை மூடுதல், வாயில் எச்சில் வடிதல், ஓயாத வயிற்று உப்புசம், சிறு ஓசைக்கும் திடுக்கிட்டு உடல் விறைத்தல் ஆகியவை.

செய்ய வேண்டியவை

1. அறிகுறி கண்டவுடன் கால்நடை மருத்துவரை அழைத்தல் வேண்டும். எதிர்விஷ மருந்து, நரம்பினுள் இன்னும் புகாத விஷத்தையே முறிக்கும். உட்புகுந்ததை அது மீட்காது. ஆதலின் ஒவ்வொரு நாழிகையும் முக்கியம்.

2. மாட்டை இருண்ட, ஓசையற்ற கொட்டகையில், மெத்தென்ற வைக்கோல் பரப்பிக் கட்ட வேண்டும். அடக்கும் சக்தி இழந்த நரம்புகளுக்கு ஓசையும் வெளிச்சமும் சவுக்கடி போன்றவை. மருத்துவர் தரும் டயஸிபாம் போன்ற மருந்து, எஞ்சியுள்ள காபாவின் வேலையைப் பெருக்கி விறைப்பைத் தணிக்கும்.

3. தாடை பூட்டிய மாட்டுக்கு மூங்கில் குழாயால் கஷாயமோ கஞ்சியோ புகட்டலாகாது. விழுங்க இயலாமையால் அது நுரையீரலில் இறங்கி உயிரைப் போக்கும்.

4. காயடிப்பதற்குக் கத்தியினும் இரத்தமின்றி நசுக்கும் பர்டிசோ இடுக்கியே நல்லது. லாடம் அடிக்கையிலும், மூக்குக் குத்துகையிலும், காதில் வில்லை பொருத்துகையிலும் கருவிகளைச் சுத்தம் செய்தல் அவசியம்.

5. ஆணி, கம்பி, முள் குத்திய ஆழ்ந்த புண்ணைச் சாணமோ மண்ணோ அப்பி மூடலாகாது. நன்கு திறந்து கழுவிக் காற்றுப் படும்படி விட வேண்டும்.

6. மாட்டை மேய்ப்பவரும் வெறுங்காலோடு அதே மண்ணில் நடப்பவரே. தடுப்பூசி அவர்களுக்கும் வேண்டும்.

விஷம் ஏறிய நரம்பு முனை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளப் பல வாரங்கள் செல்லும். அதுவரை பிழைத்திருக்கும் மாடு மீண்டும் அசைபோடும். ஆயினும் அவ்வளவு நாள் தாங்கும் மாடுகள் சிலவே. காயத்தன்று செய்யும் சிறு கவனமே பின்னர்ச் செய்யும் பெருஞ்செலவினும் மேலானது.