பயிர் மஞ்சளித்தால் முதலிற் செய்யவேண்டியது யாது?

பாலமுனைக் கரையோர வயலில் நெற்பயிர் மஞ்சளித்ததும், "அறக்கொட்டி விழுந்துவிட்டது" என முடிவுசெய்தல் எளிது. அயல் வயற்காரர் மருந்து தெளித்தால் தாமும் தெளிக்கத் தோன்றும். முதலெழுந்த எண்ணத்தைப் பற்றிக்கொள்வதும் பிறரைப் பின்பற்றுவதும் மனித இயல்பே. ஆயினும் அவை நட்டத்தை விளைவிக்கக்கூடும்.

மஞ்சளிப்பிற்குக் காரணங்கள் பல:

1. முதிர்ந்த இலைகள் முதலில் ஒரே சீராக மஞ்சளித்தால், நைதரசன் குறைவாயிருக்கலாம்.

2. இலை நுனிகள் வெளிறிக் காய்ந்தால், உவர் காரணமாயிருக்கலாம்.

3. பயிர் வட்டம் வட்டமாக மஞ்சளித்துக் கருகினால், அறக்கொட்டி எனப்படும் கபிலநிறத் தத்தியாயிருக்கலாம். இது அடித்தண்டிலிருந்து சாற்றை உறிஞ்சும். ஆதலால், பயிரை விலக்கி நீர்மட்டத்திற்குச் சற்று மேலே பார்த்தல் வேண்டும்.

காரணம் பிழைத்தால் பரிகாரமும் பிழைக்கும். தத்தியுள்ள வயலுக்கு யூரியா இட்டால் அது மேலும் பெருகும். தேவையின்றித் தெளிக்கும் மருந்து, தத்தியைத் தின்னும் சிலந்திகளைக் கொல்லும். இத்தகைய அநுபவத்தினாலேயே இந்தோனேசியா 1986ஆம் ஆண்டில் 57 வகைக் கிருமிநாசினிகளை நெல்லுக்குத் தடைசெய்தது.

ஆகவே, வயலிற் பல இடங்களில் இறங்கிப் பார்த்து, "இஃது அறக்கொட்டி அன்றெனின் வேறு யாது?" எனத் தம்மையே வினவுதல் வேண்டும். தத்தி காணப்படின், சில நாட்களுக்கு நீரை வடித்துவிடுதல் நன்று. விவசாயப் போதனாசிரியரிடம் பயிரைக் காட்டிய பின்னரே மருந்துக்குப் பணஞ் செலவிடுக.