கூலாய் வீட்டில் ஜன்னலை எப்போது திறக்க வேண்டும்?

மாணவர்களே, மின்சாரச் செலவில்லாமல் சூரியனைக் கொண்டே வீட்டை இதமாக வைத்திருப்பது பற்றி நூலகத்தில் ஒரு புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். முதல் பக்கங்களிலேயே பெரும்பாலும் இப்படி ஓர் அறிவுரை இருக்கும்: தெற்குச் சுவரில் பெரிய கண்ணாடி ஜன்னல் வையுங்கள், வெயிலை உள்ளே விடுங்கள், கனமான சுவர் அந்த வெப்பத்தைச் சேமித்து இரவில் திருப்பித் தரும். அறிவுரையில் பிழை இல்லை. பிரான்சின் மலை ஊரான ஒதெய்யோவில் 1967-இல் ஃபெலிக்ஸ் திரோம்ப் என்ற விஞ்ஞானி அப்படித்தான் ஒரு வீட்டை அமைத்தார். கறுப்பு வண்ணம் பூசிய கனத்த சுவர், அதன் முன்னால் கண்ணாடி. குளிர்கால வெயிலை அது பிடித்து வைத்துக்கொண்டது. அதே வீட்டைக் கூலாயில் கட்டினால் உள்ளே ரொட்டி சுடலாம்.

கூலாய் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 1.7 பாகை வடக்கே இருக்கிறது. நமக்குக் குளிர்காலம் கிடையாது. பிற்பகலில் 32, 33 டிகிரி செல்சியஸ், விடியற்காலையில் 23-க்கு அருகில். ஆண்டு முழுவதும் இதே கதைதான், மழைதான் கூடும் குறையும். ஆகவே வெப்பக் கடத்தல், வெப்பச் சலனம், வெப்பக் கதிர்வீசல் என்று பாடத்தில் படித்த அதே மூன்றையும் இங்கே தலைகீழாகப் பயன்படுத்த வேண்டும். வெயிலை வெளியே நிறுத்த வேண்டும், காற்றை உள்ளே விட வேண்டும். முதல் பாதி எளிது. இரண்டாம் பாதியில்தான் பல வீடுகள் தடுமாறுகின்றன.

வெயில் எந்தச் சுவரில் விழுகிறது?

டிசம்பர் 22 வாக்கில் கூலாயில் உச்சிவேளைச் சூரியன் தெற்கே சாய்ந்து, அடிவானத்திலிருந்து 65 பாகை உயரத்தில் நிற்கும். ஜூன் 21 வாக்கில் வடக்கே சாய்ந்து 68 பாகையில் நிற்கும். எப்படியானாலும் உச்சிவேளையில் அது மிக உயரம். படிவம் 3-இல் படிக்கும் திரிகோணமிதி இங்கே கைகொடுக்கிறது. சுவரைத் தாண்டி 1 மீட்டர் நீளும் கூரை விளிம்பு, அதாவது இறவாரம், தெற்குச் சுவரில் எவ்வளவு நிழல் போடும்? 65 பாகையின் டான்ஜெண்ட் ஏறத்தாழ 2.1. ஆகவே 2.1 மீட்டர் உயரத்துக்கு நிழல். ஜன்னல் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

இப்போது மேற்குச் சுவரைப் பாருங்கள். மலேசியக் கடிகாரம் 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது, கூலாய் 103.6 பாகையில் இருக்கிறது. அதனால் நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, ஒரு மணிக்குச் சற்றுப் பின்னர்தான். மார்ச், செப்டம்பர் மாதங்களில் மாலை 5 மணிக்கும் அது சுமார் 31 பாகை உயரத்தில், மேற்குச் சுவருக்கு நேர் எதிரே நிற்கிறது. அதே 1 மீட்டர் இறவாரம் அப்போது மறைப்பது 60 சென்டிமீட்டர் மட்டுமே. 6 மணிக்கு 30 சென்டிமீட்டர். மீதிச் சுவரும் ஜன்னலும் வெயிலுக்குத்தான். மேற்குச் சுவரை இறவாரத்தால் காப்பாற்ற முடியாது; மரம், செங்குத்தான மறைப்பு, அல்லது ஜன்னலே இல்லாத சுவர் வேண்டும்.

உங்கள் தாமானில் வரிசை வீடுகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று கவனியுங்கள். வரிசை கிழக்கு மேற்காக நீண்டிருந்தால் வாசல்கள் வடக்கும் தெற்கும் பார்க்கும். மாலை வெயிலில் காய்வது மேற்குக் கோடியில் உள்ள மூலை வீடு மட்டும்தான். வரிசை வடக்கு தெற்காக ஓடினால், ஒவ்வொரு வீட்டுக்கும் முன்புறமோ பின்புறமோ மேற்கு வெயில் உறுதி. சாலையைத் திருப்பிப் போட்டிருந்தால் செலவில்லாமல் தவிர்த்திருக்கலாம். கட்டி முடித்த பின் நூறு குடும்பங்கள் அதற்கு மாதாமாதம் மின்கட்டணம் செலுத்துகின்றன.

தலைக்கு மேல் ஓர் அடுப்பு

சுவர்களைவிட அதிக வெயில் வாங்குவது கூரை. தோட்டத்து லயங்களில் தகரக் கூரையின் கீழ் வாழ்ந்த தாத்தா பாட்டியிடம் நண்பகல் எப்படியிருந்தது என்று கேட்டுப் பாருங்கள். சூடேறிய கூரை, கதிர்வீசலாகத்தான் பெரும்பங்கு வெப்பத்தைக் கீழே அனுப்புகிறது. இதற்கு மலிவான மருந்து ஓட்டுக்குக் கீழே விரிக்கும் அலுமினியத் தாள். சாதாரணக் கட்டடப் பொருள்கள் வெப்பத்தைக் கதிராக வெளியிடும் திறன் 0.9 என்றால், பளபளப்பான அலுமினியத்துக்கு அது 0.05 அளவுதான். ஆனால் ஒரு நிபந்தனை: பளபளக்கும் பக்கத்தை ஒட்டிக் காற்று இடைவெளி இருக்க வேண்டும். வேறு பொருளோடு ஒட்டிக்கிடந்தால் வெப்பம் கடத்தல் வழியாக நேரே இறங்கிவிடும். அந்தப் பக்கம் கீழ்நோக்கி இருப்பது நல்லது. மேல்நோக்கி இருந்தால் தூசி படிந்து சில ஆண்டுகளில் பலன் குறையும்.

லேசான வீடும் கனத்த வீடும்

இனித்தான் முக்கியமான இடம். பழைய மலாய்க் கம்பத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். தூண்கள்மேல் உயர்த்திய பலகைத் தரை, அத்தாப்புக் கூரை, தரைவரை இறங்கும் ஜன்னல்கள், பலகைகளுக்கு இடையே இடுக்குகள். கட்டடக் கலைஞர் லிம் ஜீ யுவான் 1987-இல் வெளியிட்ட நூலில் இந்த வீட்டின் நுட்பங்களை விரிவாக வரைந்து காட்டியிருக்கிறார். பலகையும் அத்தாப்பும் லேசானவை; வெப்பத்தைச் சேமித்து வைக்க அவற்றில் இடமில்லை. வெயில் சாய்ந்ததும் வீடும் குளிர்ந்துவிடும். ஆகவே நாள் முழுவதும் ஜன்னலைத் திறந்து வைப்பதே சரி.

இன்று நாம் வாழ்வது செங்கல், சிமெண்டு வீட்டில். அதன் சுவர் ஒரு வெப்ப உண்டியல். மாலை 3 முதல் 6 வரை மேற்குச் சுவரில் விழுந்த வெயில், சில மணி நேரம் கழித்து, நாம் படுக்கப் போகும் வேளையில் அறைக்குள் வந்து சேர்கிறது. வீடு மாறிவிட்டது, ஜன்னல் பழக்கம் மாறவில்லை. காலையில் திறந்து 33 டிகிரிக் காற்றை உள்ளே விட்டுச் சுவருக்கு ஊட்டுகிறோம். வெளியே குளிரத் தொடங்கும் இரவில் இழுத்துச் சாத்துகிறோம்.

இதைக் கூலாயிலிருந்து 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஜோகூர் பாருவின் டெரஸ் வீடுகளிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். ஜப்பானிய ஆய்வாளர் தெட்சு குபோதாவும் அவருடைய மலேசிய சகாக்களும் 2009-இல் வெளியிட்ட முடிவு இது: பகலில் ஜன்னலைத் திறந்து வைக்கும் வழக்கத்தோடு ஒப்பிட்டால், பகலில் மூடி இரவில் திறந்த வீட்டில் உச்ச வெப்பநிலை 2.5 டிகிரி குறைந்தது. இரவு வெப்பநிலை சராசரியாக 2 டிகிரி குறைந்தது. ஒரு சென் செலவில்லை. குறையும் உண்டு. பகலில் மூடிய வீட்டில் ஈரப்பதம் கூடும், வியர்வை உலராது. அங்கேதான் விசிறி வேண்டும். விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை, நம் தோலிலுள்ள வியர்வையை ஆவியாக்குகிறது. சாதாரணக் கூரை விசிறிக்கு சுமார் 70 வாட். 1 குதிரைத்திறன் ஏர்கோனின் கம்ப்ரசர் ஓடும்போது சுமார் 800 வாட். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இரவில் ஜன்னலைத் திறக்கச் சொன்னால் அம்மா முதலில் கேட்பது கொசுவைப் பற்றி, அடுத்துத் திருடனைப் பற்றி. இரண்டும் நியாயமான கேள்விகள். கொசுவலை அடிக்கலாம், ஆனால் வலை காற்றின் வேகத்தைக் குறைக்கும் என்பதால் திறப்பு பெரிதாக இருக்க வேண்டும். மாடி அறைகளில் இரும்புக் கம்பி போட்டுத் திறந்து வைப்பது கீழ்த்தள அறைகளைவிட எளிது.

ஒரு மனையை எடுத்துக்கொள்வோம்

கூலாயில் ஒரு குடும்பம் புதிதாக வீடு கட்டுகிறது என்று வையுங்கள். நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கட்டும், அங்கே 1 மீட்டர் இறவாரம். மேற்கே குளியலறை, சாமான் அறை, மாடிப்படி. மாலையில் யாரும் நெடுநேரம் இருக்காத இடங்கள் வெயிலை வாங்கிக்கொள்ளட்டும். படுக்கையறைகள் கிழக்கே. அங்கும் காலை வெயில் அடிக்கும், ஆனால் இரவு வருமுன் சுவர் ஆறிவிடும்.

ஜன்னல் அளவுக்குச் சட்டமே இருக்கிறது. 1984-ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச் சட்டப்படி, அறையின் தரைப்பரப்பில் 10 விழுக்காடு வெளிச்சத்துக்கும், 5 விழுக்காடு காற்று தடையின்றிப் புகவும் திறப்பு வேண்டும். 3 மீட்டருக்கு 4 மீட்டர் அறையென்றால் காற்றுக்கு 0.6 சதுர மீட்டர். இது குறைந்தபட்சம்தான், நம் ஊர்ப் புழுக்கத்துக்கு நான் இதன் இருமடங்கு கேட்பேன். பக்கவாட்டில் நகரும் கண்ணாடி ஜன்னல் பாதிதான் திறக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். கண்ணாடிப் பட்டைகளை அடுக்கிய பழைய நாக்கோ ஜன்னல் ஏறக்குறைய முழுவதும் திறக்கும். எதிர்ச்சுவரிலும் ஒரு திறப்பு இல்லாவிட்டால் எந்த ஜன்னலும் பயன்படாது. வெளியேற வழியில்லாத காற்று உள்ளே வராது.

வீட்டில் செய்து பாருங்கள்

ஒரு வெப்பமானியை உங்கள் அறையில் வெயில் படாத இடத்தில், மேற்குச் சுவரிலிருந்து தள்ளித் தொங்கவிடுங்கள். காலை 7, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10 மணிக்கு வெப்பநிலையைக் குறியுங்கள். முதல் வாரம் வழக்கம்போல் பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். இரண்டாம் வாரம் காலை 8 மணிக்கு மூடி, இரவு 8 மணிக்குத் திறந்து விடியும்வரை விடுங்கள். மழை பெய்த நாள்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். அவற்றை வெயில் நாள்களோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் வேறுபாடு ஜன்னலாலா மழையாலா என்று தெரியாமல் போகும். இரவு 9 மணிக்கு மேற்குச் சுவரின் உட்பக்கத்தில் ஒரு கையும் கிழக்குச் சுவரில் மறு கையும் வைத்துப் பாருங்கள். இதற்கு வெப்பமானி வேண்டாம்.