டின் பானமும் ஒரு மணி நேர நடையும்

உடற்கல்வி நேரத்தில் நன்றாக ஓடியாகிவிட்டது, இனி ஒரு டின் இனிப்புப் பானம் குடித்தால் ஒன்றும் ஆகாது. இப்படி நினைக்காத மாணவர் குறைவு. அது சரிதானா? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

டின்னின் பக்கவாட்டில் ஊட்டச்சத்து அட்டவணை இருக்கும். 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சீனி என்று போட்டிருந்தால், 320 மில்லிலிட்டர் டின்னில் 32 கிராம் சீனி இருக்கிறது. 1 கிராம் சீனி தரும் ஆற்றல் 4 கிலோகலோரி. ஆக, 32 × 4 = 128 கிலோகலோரி.

இனி செலவைப் பார்ப்போம். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் இதயம், மூளை, கல்லீரல் எல்லாம் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. இதற்கு 1 கிலோ உடல் எடைக்கு மணிக்கு ஏறத்தாழ 1 கிலோகலோரி செலவாகும். விறுவிறுப்பாக நடந்தால் அதைப்போல் மூன்றரை மடங்கு. 50 கிலோ எடையுள்ள மாணவர் ஒரு மணி நேரம் நடந்தால் 175 கிலோகலோரி.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அந்த 175இல் 50 கிலோகலோரியை அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் செலவழித்திருப்பார். நடையால் கூடுதலாகச் செலவானது 125 மட்டுமே. ஐந்து நிமிடத்தில் குடித்து முடித்த பானத்தை ஈடுகட்ட ஒரு மணி நேரத்துக்கும் மேல் நடக்க வேண்டும்!

சரி, தினமும் நிறைய நடந்தால்? ஆப்பிரிக்காவின் தான்சானியாவில் ஹட்சா என்ற வேட்டைச் சமூகம் வாழ்கிறது. அச்சமூகத்தில் ஆண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 11 கிலோமீட்டர், பெண்கள் 6 கிலோமீட்டர் அளவுக்கு நடக்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஹெர்மன் பாண்ட்சரும் அவருடைய குழுவினரும் அவர்களின் ஆற்றல் செலவை அளந்து 2012இல் வெளியிட்டார்கள். அளந்த முறை சுவையானது. கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். ஹைட்ரஜன் நீராக மட்டுமே உடலைவிட்டு வெளியேறும். ஆக்சிஜனோ நீராகவும் கரிவாயுவாகவும் வெளியேறும். சிறுநீரைச் சோதித்து, இரண்டும் குறையும் வேகத்தின் வேறுபாட்டைக் கண்டால், உடல் எவ்வளவு கரிவாயுவை வெளியிட்டது, எவ்வளவு ஆற்றலைச் செலவழித்தது என்று தெரிந்துவிடும்.

முடிவு வியப்பளித்தது. உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், ஹட்சா மக்களின் ஒரு நாள் ஆற்றல் செலவும் அமெரிக்கர், ஐரோப்பியரின் செலவும் ஏறக்குறைய ஒன்றுதான். நடைக்கு அதிகம் செலவழிக்கும் உடல், வேறு வேலைகளில் சிக்கனம் பிடிக்கிறது என்பது பாண்ட்சரின் விளக்கம். எவ்வளவு சிக்கனம் என்பதில் அறிவியலாளர்களிடையே இன்னும் விவாதம் நடக்கிறது.

அப்படியானால் உடற்பயிற்சி வீணா? இல்லவே இல்லை. அதன் வேலை வேறு. தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் உதவியில்லாமலேயே இரத்தத்திலுள்ள குளுக்கோசை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மலேசியாவில் 2019இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், நீரிழிவு விகிதம் இந்தியர்களிடையேதான் மிக அதிகம் என்று தெரியவந்தது. எனவே இது நமக்கு வெறும் பாடப்புத்தகச் செய்தி அல்ல. எலும்பு வலுப்பெறும் வயதும் உங்கள் வயதுதான். உலகச் சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. பூப்பந்து, காற்பந்து, சிலம்பம், நடனம் எதுவானாலும் சரி.

எடையைக் கட்டுப்படுத்தும் பெரும்பங்கு தட்டில்தான் இருக்கிறது. நமது சுகாதார அமைச்சின் ‘சுக்கு சுக்கு செபாரோ’ முறைப்படி, தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால்பங்கு சோறு, கால்பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு. உருளைக்கிழங்குப் பிரட்டலைக் காய்கறிக் கணக்கில் சேர்ப்பது நம் வீடுகளில் நடக்கும் சின்ன ஏமாற்று வேலை. அது சோற்றின் பக்கம் சேர வேண்டியது.

இதைப் படித்துவிட்டு யாரும் காலை உணவை நிறுத்திவிடாதீர்கள். பட்டினி கிடந்து வேகமாக எடையைக் குறைத்தால், கொழுப்போடு தசையும் கரையும். எடைக்கருவியைப் பார்த்து அவசரமாக முடிவெடுக்கவும் வேண்டாம். பெரியவர்களுக்கான உடல் பருமன் குறியீட்டு எல்லைகள் உங்களுக்குப் பொருந்தா. வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற வளர்ச்சி அட்டவணை கிளினிக்கில் இருக்கும். சற்றுப் பருமனான 13 வயது மாணவர் ஓராண்டில் 6 சென்டிமீட்டர் வளர்ந்து, எடை அப்படியே இருந்தால், ஒரு கிலோகூடக் குறைக்காமலேயே அந்த அட்டவணையில் அவர் கீழே இறங்கியிருப்பார்.