வெறும் 8 மீட்டர்: கார் ரேஸில் முதலில் நிற்பது ஏன் முக்கியம்?

ஒரு ஃபார்முலா 1 ரேஸின் தூரம் பெரும்பாலும் 300 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். ஆனால் ஸ்டார்ட்டில் முதல் காருக்கும் இரண்டாவது காருக்கும் இடைவெளி 8 மீட்டர்தான். 300 கி.மீ. ஓட்டத்துல 8 மீட்டர் எல்லாம் ஒரு மேட்டரா? அப்புறம் ஏன் அந்த முதல் இடத்துக்கு, அதாவது போல் பொசிஷனுக்கு, இவ்ளோ அடிதடி? நாம இன்ஜினியரிங் பசங்க, கணக்கு போட்டே பார்த்துடலாம்.

ஸ்டார்ட் எப்படி நடக்குது?

முதலில் தகுதிச் சுற்று. ஒரு லேப்பை யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறாரோ, அவருக்குத்தான் முன்வரிசை. ரேஸுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு லேப் சுற்றி வந்து, டயரையும் பிரேக்கையும் சூடாக்கிக்கொண்டு அவரவர் கட்டத்தில் நிற்பார்கள். கார்கள் அக்கம்பக்கமாக நிற்காது. இடது, வலது என்று மாறி மாறி, ஒவ்வொரு காரும் முந்தைய காருக்கு 8 மீட்டர் பின்னால் நிற்கும்.

பிறகு ஐந்து சிவப்பு விளக்குகள், நொடிக்கு ஒன்றாக எரியும். ஐந்தும் எரிந்த பிறகு எப்போ அணையும்னு எந்த டிரைவருக்கும் தெரியாது. அணைந்தால் கிளம்ப வேண்டியதுதான். பச்சை விளக்குக்காக யாரும் காத்திருக்க மாட்டாங்க. அவசரப்பட்டு முன்னாடியே நகர்ந்தால் சென்சார் காட்டிக் கொடுத்துடும், பெனால்டி நிச்சயம்.

இப்போ கணக்கு

ஒரு எஃப்1 கார் நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட ஏறக்குறைய 2.6 நொடி ஆகும். அப்படின்னா சராசரி முடுக்கம் சுமார் 10.7 மீ/நொடி². நமக்குத் தெரிந்த ஃபார்முலாவில் போட்டால், முதல் 8 மீட்டரைக் கடக்கவே 1.2 நொடி ஆகும். பெரிய கேப் மாதிரி தெரியுது இல்ல?

ஆனா ரெண்டு காரும் வேகம் எடுத்ததும் கதை மாறுது. மணிக்கு 200 கி.மீ. என்றால் நொடிக்கு 55.6 மீட்டர். அந்த வேகத்தில் 8 மீட்டர் என்பது வெறும் 0.14 நொடி! ரெண்டு காரும் ஒரே மாதிரி முடுக்கினாலும், பின்னால் நிற்பவர் 0.14 நொடி முந்திக் கிளம்பினால், 200 கி.மீ. வேகத்தைத் தொடும்போது பக்கத்திலேயே வந்துடுவார். கிளட்சை கொஞ்சம் தப்பா விட்டு பின்சக்கரம் வழுக்கினாலே அந்த 0.14 நொடி காலி.

அப்போ போல் பொசிஷனின் மதிப்பு அந்த 8 மீட்டரில் இல்லை. முதல் வளைவுக்குள் முதலில் நுழையும் வாய்ப்பில்தான் இருக்கு.

முதலில் நுழைந்தால் என்ன லாபம்?

காற்று! முன்னால் போகிற காருக்குக் கலங்காத காற்று கிடைக்கும். அதன் இறக்கைகள் காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும். பின்னால் வருகிற காருக்குக் கிடைப்பது முன் கார் கலக்கிவிட்ட காற்று. நேர்ப்பாதையில் அது உதவும், ஏன்னா காற்றுத் தடை குறையும். ஆனால் வளைவில் அழுத்தம் குறைந்து கார் வழுக்கும், டயர் சீக்கிரம் சூடாகும். பக்கத்துல ஒட்டிப் போகவே கஷ்டம், அப்புறம் எங்க முந்துறது?

இதற்குச் சரியான உதாரணம் மொனாக்கோ. 3.337 கி.மீ. நீளமுள்ள குறுகலான தெருப் பாதை, 78 லேப். 2024-ல் முதல் லேப் விபத்தால் ரேஸ் நிறுத்தப்பட்டபோது, முன்னணியில் இருந்தவர்கள் கட்டாய டயர் மாற்றத்தை அப்போதே முடித்துவிட்டார்கள். விளைவு? போலில் கிளம்பிய சார்ல்ஸ் லெக்லெர்க் ஜெயித்தார். முதல் பத்து பேரும் கிளம்பிய அதே வரிசையில் முடித்தார்கள்.

எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதும் முக்கியம்

கார்கள் வழக்கமாக ஓடும் தடத்தில் டயர் ரப்பர் படிந்து நல்ல பிடிமானம் இருக்கும். மறுபக்கம் புழுதி. 1990-ல் ஜப்பானின் சுசுகாவில் போல் எடுத்த அயர்ட்டன் சென்னாவுக்குக் கிடைத்தது அந்தப் புழுதிப் பக்கம். மாற்றித் தரச் சொல்லிக் கேட்டார், மறுத்துவிட்டார்கள். ஸ்டார்ட்டில் இரண்டாவது இடத்திலிருந்த அலைன் ப்ராஸ்ட் முந்தினார். முதல் வளைவிலேயே இருவரும் மோதி வெளியேற, சாம்பியன்ஷிப் சென்னாவுக்குப் போனது. வேண்டுமென்றேதான் விட்டுக்கொடுக்கவில்லை என்று அடுத்த வருஷம் அவரே சொன்னார். நிற்கிற பக்கம் ஒரு உலகப் பட்டத்தின் கதையையே மாத்திடுச்சு, பாருங்க.

அப்போ பின்னாடி நின்னா அவ்ளோதானா? இல்லை. 1983-ல் அமெரிக்காவின் லாங் பீச்சில் ஜான் வாட்சன் 22-வது இடத்தில் கிளம்பி ஜெயித்தார். ஆனா இன்னிக்கும் அதைப் பேசுறோம்னா, அது எவ்வளவு அரிதுன்னு புரிஞ்சுக்கோங்க.

கடைசியா ஒரு குட்டி ஹோம்வொர்க்: மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் அந்த 8 மீட்டர் எத்தனை நொடி? போட்டுப் பாருங்க, கண் சிமிட்டுறதுக்குக்கூட நேரம் பத்தாது!