தேதி வாங்கும் முன் ஆறு வாரத்துக்கு வழி செய்யுங்கள்

கர்ப்பப்பையை வயிற்றைத் திறந்து எடுக்க ஒன்று முதல் இரண்டு மணி நேரம் போதும். திறந்த வயிறு உள்ளுக்குள் ஒட்டிக் கூட ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். அந்த இரண்டு மணி நேரத்தை மருத்துவர் பார்த்துக்கொள்வார். ஆறு வாரத்தை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் கேள்வி. டெல்லி ஜங்புராவில் பாராபுல்லா கால்வாயின் ஓரம் இருந்த மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதிப் பெண்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் கனமானது. 2025 ஜூன் 1 அன்று அங்கிருந்த சுமார் 370 வீடுகள் இடிக்கப்பட்டன. 189 குடும்பங்கள் மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றன. அந்த வீடுகள் ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்கு அப்பால் நரேலாவில். மற்றவர்கள் தங்களுக்குத் தாங்களே இடம் தேட வேண்டியதாயிற்று. வீட்டுவேலை செய்து பிழைக்கும் பெண், அவசர நிலை இல்லாதவரை, ஓய்வுக்கு வழி செய்த பிறகே ஆபரேஷனுக்குத் தேதி வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதற்கும் முன்னால், எடுக்கத்தான் வேண்டுமா என்று கேளுங்கள். 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 3.2 சதவீதம் பேருக்குக் கர்ப்பப்பை அகற்றப்பட்டிருந்தது. ஆந்திராவில் மட்டும் 8.9 சதவீதம். மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. தேவையில்லாமல் எடுப்பதைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. மாநிலங்கள் அதைப் பின்பற்ற வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது. "பிள்ளை பெற்றாச்சு, இனி அந்தப் பை எதுக்கு? வைத்திருந்தால் புற்றுநோய் வரும்" என்று சொல்வோர் உண்டு. வெள்ளைப்படுதலும் அதிக உதிரப்போக்கும் தம்மளவில் புற்றுநோய் அல்ல. புற்றுநோய் இருக்கிறதா என்பதை ஸ்கேனும், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும், தேவைப்பட்டால் உள்சுவரில் எடுக்கும் சிறு சதைப் பரிசோதனையும் சொல்லும். உதிரப்போக்குக்கு மாத்திரை உண்டு, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் உண்டு. சில நார்க்கட்டிகளை மட்டும் தனியே எடுக்கலாம். இவற்றில் தீராத உதிரப்போக்கு, மிகப் பெரிய கட்டி, புற்றுநோய் என்றால் எடுப்பதே சரி. பயந்து தள்ளிப்போடக் கூடாது. சந்தேகம் இருந்தால் இன்னொரு மருத்துவரிடம், முடிந்தால் அரசு மருத்துவமனையில், கருத்துக் கேளுங்கள்.

எடுப்பது என்று முடிவானால், எந்த மருத்துவமனை என்பதை எங்கே ஓய்வெடுக்கப் போகிறீர்கள் என்பதோடு சேர்த்து யோசியுங்கள். ஜங்புராவில் இருந்தவரை சப்தர்ஜங்கும் எய்ம்ஸும் கிட்டத்தில் இருந்தன. நரேலாவிலிருந்து, புண் ஆறாத வயிற்றோடு பஸ் மாறி மாறி மறுபரிசோதனைக்கு வருவது பெரிய சிரமம். பழகிய மருத்துவமனைதான் வேண்டும் என்றால், முதல் இரண்டு வாரமாவது அருகிலுள்ள உறவினர் வீட்டில் தங்க முடியுமா என்று பாருங்கள். 2025 ஏப்ரலில் டெல்லியும் ஆயுஷ்மான் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தது. உங்கள் குடும்பத்துக்கு அட்டை உண்டா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் இரும்புச்சத்து ஏற்றிக்கொண்டு போவதே பாதுகாப்பு. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்க வேண்டும். சம்மதப் படிவம் இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் இருக்கும். பள்ளியில் படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து வரிக்கு வரி வாசிக்கச் சொல்லுங்கள். கர்ப்பப்பை மட்டுமா, இரண்டு சினைப்பைகளுமா என்ற வரியில் நிறுத்திக் கேளுங்கள். மாதவிடாய் நிற்காத வயதில் நல்ல சினைப்பையையும் எடுத்துவிட்டால் உடம்புச்சூடும் தூக்கமின்மையும் உடனே தொடங்கும்; எலும்பும் இதயமும் பின்னாளில் பாதிக்கப்படலாம்.

ஆபரேஷனுக்கு ஆறு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்தச் சொல்வார்கள். தண்ணீரை எப்போது நிறுத்துவது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முதுகில் ஊசி போட்டோ முழு மயக்கம் கொடுத்தோ செய்வார்கள். தழும்பு அடிவயிற்றில் குறுக்காகவோ, கட்டி பெரிதாக இருந்தால் நெடுக்காகவோ இருக்கும். கண் விழிக்கும்போது சிறுநீர்க் குழாய் இருக்கும். பெரும்பாலும் மறுநாள் எடுத்துவிடுவார்கள். வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வலி அடங்கினால்தான் எழுந்து நடக்க முடியும். மறுநாளே நாலு எட்டு நடக்க வேண்டும், காலில் ரத்தம் கட்டாமல் இருக்க. இருமும்போது தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டால் தையல் இழுக்காது. இரண்டிலிருந்து ஐந்து நாளில் பெரும்பாலோர் வீடு திரும்புவார்கள்.

இனிதான் உண்மையான வைத்தியம். முதல் ஆறு வாரம் நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பார்கள். கேட்கச் சுலபம். நிறைந்த தண்ணீர் வாளி 15 கிலோவுக்கு மேல்; நிறைந்த கேஸ் சிலிண்டர் கிட்டத்தட்ட 30 கிலோ. ஜாடு-போச்சா (பெருக்கித் துடைப்பது) என்றால் குத்துக்காலிட்டுத் துணியைப் பிழிந்து, வயிற்றை மடக்கி அறை அறையாக நகர வேண்டும். வெளித் தையல் பத்து நாளில் ஆறியதாகத் தெரிந்தாலும், உள்ளே தசையுறை இன்னும் பச்சைப் புண்தான். சீக்கிரம் பளு தூக்கினால் தழும்பு வழியே குடலிறக்கம் வரலாம். "ஆறு வாரம் வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் யார் தருவா? வேறு ஆள் வைத்துக்கொள்வாங்களே" என்ற கேள்வி நியாயமானது, சம்பளத்தோடு விடுப்பு கிடைக்கும் வேலை அல்ல இது. ஆனால் மூன்றாம் வாரமே வாளியைத் தூக்கிக் குடலிறக்கம் வந்தால், அதற்கு இன்னொரு ஆபரேஷனும் இன்னொரு ஓய்வும் வேண்டியிருக்கும். எனவே ஒரு மாதம் முன்பே வேலை செய்யும் வீடுகளில் தேதி சொல்லி, நம்பிக்கையான உறவுக்காரப் பெண்ணை பத்லியாக (மாற்று ஆளாக) விட்டுவிட்டு வாருங்கள். இடம் கைவிட்டுப் போகாமல் இருக்க அதுவே நல்ல வழி. வருடக்கணக்காக உழைத்தவருக்கு இந்த ஆறு வாரச் சம்பளத்தில் ஒரு பங்காவது கொடுப்பது அந்த வீட்டாரின் கடமை. அதை வாய்விட்டுக் கேட்பதில் எந்தக் குறைவும் இல்லை.

மறுபக்கம், அசையவே கூடாது என்று படுக்கவைக்கும் பெரியவர்களும் உண்டு. அதுவும் தவறு, தினமும் கொஞ்சம் கூட்டி நடக்க வேண்டும், மாடிப்படியை மெதுவாக ஏறலாம். பத்தியம் என்று பருப்பையும் முட்டையையும் நிறுத்தினால் புண் ஆறத் தாமதமாகும். மலச்சிக்கல் வராமல் கீரை, பழம், நிறையத் தண்ணீர் வேண்டும். தாம்பத்திய உறவு ஆறு வாரத்துக்கு வேண்டாம். இதைக் கணவரிடம் மருத்துவரே சொல்லும்படி கேட்டுக்கொள்ளலாம். லேசான கசிவு சில வாரம் இருக்கும். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனைந்தாலோ, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நாற்றமடிக்கும் கசிவு, தையலில் சீழ், சிறுநீர் போகாமை என்றாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படியே. திடீரென்று மூச்சுத் திணறினால் 102 அல்லது 112-ஐ அழையுங்கள்.

ஆறாம் வார மறுபரிசோதனையைத் தவறவிடாதீர்கள். எடுத்த கர்ப்பப்பையைப் பரிசோதித்த பயாப்சி முடிவை அன்று கேட்டு வாங்குங்கள். கர்ப்பப்பை வாயை விட்டுவைத்திருக்கிறார்களா என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். விட்டுவைத்திருந்தால் அதற்கான புற்றுநோய்ப் பரிசோதனையை இனியும் செய்துகொள்ள வேண்டும். அந்தத் தாளையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் ஆதார், ரேஷன் அட்டை இருக்கும் அதே பையில் வையுங்கள். வீடு மாறினாலும் கையோடு வருவது அந்தப் பைதான்.